கடல்நீர் மீன்தொட்டி மாற்றம்

கடல்நீர் மீன்தொட்டி மாற்றம் என்பது, ஒரு கடல்நீர்த் தொட்டியில் வாழும் மீன்கள், பவளங்கள், பிற முதுகெலும்பிலிகள், உயிர்ப்பாறைகள், மணல், நீர் ஆகியவற்றை அதைவிடப் பெரிய வேறொரு தொட்டிக்கு இடம்பெயர்க்கும் செயல்முறை ஆகும். வீடுகளில் கடல் உயிரினங்களை வளர்ப்போரும், பொது மீன்காட்சியகங்களும் இதனை மேற்கொள்கின்றனர்.

இச்செயல்முறையில் கண்ணுக்குத் தெரிவன மீன்களும் பவளங்களுமே. எனினும், உண்மையில் சிதையாமல் மாற்றப்பட வேண்டியது பாறைகளின் மேலும் வடிகட்டிகளின் உள்ளும் படலமாக வாழும் நுண்ணுயிர்க் கூட்டமே ஆகும். கழிவிலிருந்து உருவாகும் அமோனியாவை நஞ்சற்றதாக்குவது இக்கூட்டமே. இது உயிருடன் புதிய தொட்டியைச் சேர்ந்தால், மாற்றம் ஒரே நாளில் முடிந்துவிடும். இது அழிந்தால், தெளிந்த நீரும் விலையுயர்ந்த கருவிகளும் இருந்தபோதிலும் சில நாட்களுக்குள் மீன்கள் இறக்க நேரிடும். மாற்றத்தின் ஒவ்வொரு படியும் இவ்வடிப்படையிலேயே அமைகிறது.

காரணங்கள்

பின்வரும் காரணங்களுக்காகத் தொட்டிகள் மாற்றப்படுகின்றன:

• மீன்களின் வளர்ச்சி. கடைகளில் சிறு குஞ்சுகளாக விற்கப்படும் பல கடல்மீன்கள் முதிர்ச்சியில் 20 முதல் 30 சென்டிமீட்டர் நீளம் வரை வளர்கின்றன. இடைவிடாது நீந்தும் இயல்புடைய மீன்களுக்குச் சிறிய தொட்டி போதாது.
• பவளங்களின் வளர்ச்சி. பவளங்கள் ஒன்றையொன்று நெருங்கும்போது கொட்டும் உயிரணுக்களால் தாக்கிக் கொள்கின்றன.
• நிலைத்தன்மை. நீரின் அளவு கூடும்போது வெப்பநிலையும் உவர்ப்பும் மெதுவாகவே மாறுகின்றன. ஒரு நாளில் 2 லிட்டர் நீர் ஆவியானால், அது 50 லிட்டர் தொட்டியில் 4 விழுக்காடாகும். 500 லிட்டர் தொட்டியில் 0.4 விழுக்காடே ஆகும்.
• பழைய தொட்டியில் கசிவு, கீறல், ஒட்டுப் பசையின் தேய்வு போன்ற குறைபாடுகள்.

உயிரியல் அடிப்படை

நைட்ரசன் சுழற்சி

மீன்கள் தம் செவுள்களின் வழியாக அமோனியாவை வெளியேற்றுகின்றன. எஞ்சிய உணவும் கழிவும் அழுகும்போதும் அமோனியா உண்டாகிறது. ஒரு வகை நுண்ணுயிர்கள் இதனை நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் ஆக்சிசனேற்றம் செய்கின்றன. உயிர்வளி எட்டாத பாறையின் உட்பகுதிகளிலும் ஆழமான மணலிலும் வாழும் வேறு பாக்டீரியாக்கள் நைட்ரேட்டின் ஒரு பகுதியை நைட்ரசன் வளிமமாக மாற்றி வெளியேற்றுகின்றன.

அமோனியாவை மாற்றுவன பாக்டீரியாக்கள் மட்டுமே என நெடுங்காலம் கருதப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவின் சியாட்டில் மீன்காட்சியகத்திலுள்ள வெப்பமண்டலக் கடல்நீர்த் தொட்டி ஒன்றின் சரளையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட நைட்ரோசோபுமிலசு மாரிடிமசு என்னும் ஆர்க்கியா அமோனியாவை ஆக்சிசனேற்றம் செய்து வாழ்வதாக 2005 இல் அறிவிக்கப்பட்டது. இதன் உறவினங்கள் பெருங்கடல்களில் பெருமளவில் வாழ்வதும் பின்னர் அறியப்பட்டது. இவ்வகையில், கடலின் நைட்ரசன் சுழற்சியைப் பற்றிய முக்கியமான அறிவு ஒன்று ஒரு மீன்தொட்டியின் அடித்தளத்திலிருந்து கிடைத்தது எனலாம்.

அமோனியாவையும் நைட்ரைட்டையும் மாற்றும் இந்நுண்ணுயிர்கள் மிக மெதுவாகவே பெருகுகின்றன. குடலில் வாழும் எசரிக்கியா கோலை பாக்டீரியா உகந்த சூழலில் ஏறத்தாழ 20 நிமிடங்களில் இரட்டிப்பாகிறது. இவற்றுக்கோ பல மணி நேரமும், பெரும்பாலும் ஒரு நாளோ அதற்கு மேலோ தேவைப்படும். எனவேதான் முற்றிலும் புதிதாக அமைக்கப்படும் தொட்டி மீன்களை ஏற்கும் நிலையை அடையப் பல வாரங்கள் ஆகின்றன. இழந்த நுண்ணுயிர்க் கூட்டத்தை ஓரிரவில் மீட்க இயலாது.

நீரும் பரப்பும்

இந்நுண்ணுயிர்களில் பெரும்பகுதி நீரில் மிதப்பதில்லை. பாறை, மணல், வடிகட்டிப் பொருட்கள், கண்ணாடிச் சுவர் ஆகியவற்றின் பரப்பில் அவை ஒட்டி வாழ்கின்றன. எனவே, பழைய நீர் முழுவதையும் கொண்டு சென்று பாறைகளைக் கழுவி உலர்த்தினால் வடிகட்டும் திறன் ஏறத்தாழ முற்றாக இழக்கப்படும். பாறைகளை ஈரம் காயாமல் கொண்டு சென்று நீர் முழுவதையும் புதிதாக நிரப்பினால், அத்திறனின் பெரும்பகுதி எஞ்சியிருக்கும்.

தொட்டி பெரிதாவதால் மட்டும் கூடுதல் நுண்ணுயிர்கள் தேவைப்படுவதில்லை. மீன்களின் எண்ணிக்கையும் உணவின் அளவும் மாறாதவரை, நாளொன்றுக்கு உருவாகும் அமோனியாவின் மொத்த அளவும் மாறுவதில்லை. அதே அளவு அமோனியா கூடுதலான நீரில் கலப்பதால் அதன் செறிவு குறைவாகவே உயரும். இதனால், பெரிய தொட்டிக்கு மாறுவது அதே அளவுள்ள தொட்டிக்கு மாறுவதைவிடச் சற்றுப் பாதுகாப்பானது. புதிய இடம் கிடைத்த மகிழ்ச்சியில் உடனே பல மீன்களைச் சேர்ப்பதே இப்பாதுகாப்பைக் குலைக்கிறது.

அமோனியாவின் நச்சுத்தன்மை

நீரில் அமோனியா இரு வடிவங்களில் காணப்படுகிறது. மின்சுமையற்ற அமோனியா மூலக்கூறு செவுள்களை எளிதில் ஊடுருவும் நஞ்சாகும். அம்மோனியம் அயனியின் நச்சுத்தன்மை மிகக் குறைவு. நீரின் பி.எச். மதிப்பு உயர உயர நச்சு வடிவத்தின் பங்கு கூடுகிறது. 25 பாகை செல்சியசு வெப்பநிலையில், பி.எச். 7 உடைய நன்னீரில் நச்சு வடிவம் 1 விழுக்காட்டிற்கும் குறைவாகும். பி.எச். 8.2 உடைய கடல்நீரில் அது ஏறத்தாழ 7 விழுக்காடாகும். எனவே, நன்னீர்த் தொட்டியில் மீன்கள் தாங்கிக்கொள்ளும் மொத்த அமோனியா அளவு கடல்நீர்த் தொட்டியில் உயிருக்கு ஆபத்தாகலாம். மாறாக, கடல்நீரில் மிகுந்துள்ள குளோரைடு அயனிகள் நைட்ரைட்டு செவுள்களினூடே உட்புகுவதைப் பெரிதும் தடுப்பதால், நைட்ரைட்டின் தீங்கு நன்னீரைவிடக் கடல்நீரில் குறைவாகும்.

முன்னேற்பாடுகள்

எடையும் இடமும்

கடல்நீரின் எடை லிட்டருக்கு ஏறத்தாழ 1.025 கிலோகிராம் ஆகும். 150 சென்டிமீட்டர் நீளமும் 60 சென்டிமீட்டர் அகலமும் 55 சென்டிமீட்டர் உயரமும் உள்ள தொட்டி 495 லிட்டர் கொள்ளும். இதிலுள்ள நீரின் எடை மட்டும் 500 கிலோகிராமிற்கு மேலாகும். கண்ணாடி, தாங்கி, பாறை, மணல் ஆகியவை சேரும்போது மொத்த எடை 650 கிலோகிராமைத் தாண்டக்கூடும். எனவே, மாடிக் கட்டடங்களில் சுமைதாங்கும் சுவருக்கு அருகே தொட்டியை அமைப்பது விரும்பத்தக்கது. ஐயமிருப்பின் கட்டடப் பொறியாளரின் கருத்தைப் பெறுதல் வேண்டும்.

புதிய தொட்டி முதலில் நன்னீரால் நிரப்பப்பட்டுச் சில நாட்கள் கசிவு உள்ளதா எனச் சோதிக்கப்படுகிறது. நீர்மட்டம் நான்கு மூலைகளிலும் ஒரே உயரத்தில் உள்ளதா என்பதையும் அப்போதே காணலாம். நிரப்பிய தொட்டியை நகர்த்த முயலக் கூடாது.

புதிய நீர்

இயற்கைக் கடல்நீரின் உவர்ப்பு ஆயிரத்திற்கு ஏறத்தாழ 35 பங்காகும். 25 பாகை செல்சியசில் இதன் ஒப்படர்த்தி ஏறத்தாழ 1.026 ஆகும். செயற்கை உப்புக் கலவைகள் ஓரளவு ஈரத்தைக் கொண்டிருப்பதால், இச்செறிவை அடைய லிட்டருக்கு 36 முதல் 40 கிராம் வரை தேவைப்படும். உப்பைக் கலக்க, எதிர்ச் சவ்வூடுபரவல் முறையில் தூய்மையாக்கப்பட்ட நீர் ஏற்றது. குழாய்நீரைப் பயன்படுத்தினால் அதிலுள்ள குளோரினை நீக்க வேண்டும்.

உப்பை நீரில் சிறிது சிறிதாக இட வேண்டும். உப்பின் மேல் நீரை ஊற்றினால், தொடக்கத்தில் மிகு செறிவு உண்டாகிக் கால்சியம் கார்பனேட்டு வீழ்படிவாகும். கலந்த நீரை ஒரு நாளேனும் பம்பினால் சுழலவிட்டு, சூடாக்கியால் பழைய தொட்டியின் வெப்பநிலைக்குக் கொண்டுவர வேண்டும். உவர்ப்பு, பி.எச்., வெப்பநிலை ஆகிய மூன்றும் பழைய தொட்டியுடன் ஒத்திருப்பதே நோக்கமாகும்.

ஓர் எடுத்துக்காட்டு

200 லிட்டர் தொட்டியிலிருந்து 500 லிட்டர் தொட்டிக்கு மாற்றுவதாகக் கொள்வோம். பழைய நீரில் அடிமண்டி தவிர்த்துத் தெளிந்த 150 லிட்டர் கொண்டு செல்லப்படுகிறது எனில்:

• தேவைப்படும் புதிய நீர்: 500 − 150 = 350 லிட்டர்.
• தேவைப்படும் உப்பு: லிட்டருக்கு 37 கிராம் எனக் கொண்டால், ஏறத்தாழ 13 கிலோகிராம்.
• பழைய நீரின் உவர்ப்பு 33, புதிய நீரின் உவர்ப்பு 35 எனில், கலவையின் உவர்ப்பு ஏறத்தாழ 34.4.
• பழைய நீரில் நைட்ரேட்டு லிட்டருக்கு 40 மில்லிகிராம் எனில், கலவையில் அது 40 × 150 ÷ 500 = 12 மில்லிகிராம்.

பாறையும் மணலும் இடத்தை அடைப்பதால் உண்மையில் தேவைப்படும் நீர் இக்கணக்கைவிடச் சற்றுக் குறையும். இருப்பினும், கூடுதலாக ஒரு பங்கு உப்பு நீரைக் கலந்து வைத்திருப்பது நெருக்கடியில் உதவும்.

கருவிகள்

மூடியுள்ள, உணவுத் தரம் வாய்ந்த நெகிழி வாளிகளும் தொட்டிகளும், வடிகுழாய்கள், காற்றுப் பம்புகள், குறைந்தது ஒரு சூடாக்கி, உவர்ப்பை அளக்கும் ஒளிமுறிவுமானி, அமோனியா சோதனைப் பொருட்கள், கையுறைகள், கண்காப்பு, துண்டுகள் ஆகியவை தேவைப்படும். சவர்க்காரம் பட்ட வாளிகளைப் பயன்படுத்தக் கூடாது.

செயல்முறை வரிசை

செயல்களின் வரிசை முக்கியமானது. மணல் கலங்கும் முன் உயிரினங்கள் அனைத்தும் வெளியேற்றப்பட்டிருக்க வேண்டும் என்பதே இவ்வரிசையின் அடிப்படை.

1. மாற்றத்திற்கு முந்தைய நாள் உணவு குறைக்கப்படுகிறது அல்லது நிறுத்தப்படுகிறது. இதனால் வாளிகளில் கழிவு குறையும்.
2. சூடாக்கி, பம்புகள், விளக்குகள் ஆகியவற்றின் மின்னிணைப்பு துண்டிக்கப்படுகிறது. சூடாக்கி குளிர்வதற்குச் சில நிமிடங்கள் விடப்படுகிறது.
3. மேற்பரப்பிலிருந்து தெளிந்த நீர் வடிகுழாய் மூலம் வாளிகளில் சேகரிக்கப்படுகிறது.
4. பவளங்கள் தனித்தனி வாளிகளில், நீருக்குள்ளேயே வைத்து எடுக்கப்படுகின்றன.
5. பாறைகள் ஒவ்வொன்றாக நீரில் அசைத்து, ஒட்டிய கசடு உதிர்க்கப்பட்டு, பழைய நீர் நிறைந்த வாளிகளுக்கு மாற்றப்படுகின்றன. துளைகளில் சிறு மீன்களோ இறால்களோ ஒளிந்துள்ளனவா எனப் பார்க்கப்படுகிறது.
6. பாறைகள் நீங்கி நீர்மட்டம் தாழ்ந்த பின்னரே மீன்கள் பிடிக்கப்படுகின்றன. பாறைகளுக்கு இடையே வலையால் துரத்துவது மீன்களைக் காயப்படுத்தும்.
7. மணலில் புதையும் இயல்புள்ள மீன்கள் மேல்மணலைக் கையால் மெதுவாகத் துழாவிக் கண்டெடுக்கப்படுகின்றன. எண்ணிக்கை சரிபார்க்கப்படுகிறது.
8. இறுதியாக மணல் அகற்றப்படுகிறது. கலங்கிய அடிநீர் வெளியே கொட்டப்படுகிறது.
9. புதிய தொட்டியில் முதலில் பாறைகள் அடிக்கண்ணாடியின் மேல் உறுதியாக அமைக்கப்படுகின்றன. அதன் பின்னரே மணல் பரப்பப்படுகிறது. மணலின் மேல் பாறையை வைத்தால், மணலைத் தோண்டும் உயிரினங்களால் அது சரியக்கூடும்.
10. நீர் நிரப்பப்பட்டு, வடிகட்டியும் நீரோட்டப் பம்புகளும் சூடாக்கியும் இயக்கப்படுகின்றன.
11. கலங்கல் ஓரளவு தணிந்து, உவர்ப்பும் வெப்பநிலையும் சரிபார்க்கப்பட்ட பின் பவளங்களும் அதன்பின் மீன்களும் விடப்படுகின்றன.

வாளிகளில் காத்திருக்கும் உயிரினங்களுக்கு முதல் ஆபத்து உயிர்வளிக் குறைவாகும். 25 பாகை செல்சியசில் நன்னீர் லிட்டருக்கு ஏறத்தாழ 8.2 மில்லிகிராம் உயிர்வளியைக் கரைத்து வைத்திருக்க வல்லது. கடல்நீரோ ஏறத்தாழ 6.7 மில்லிகிராமையே கொள்ளும். எனவே ஒவ்வொரு மீன் வாளியிலும் காற்றுக் குமிழிகள் இடப்பட வேண்டும். பாறைகள் நிறைந்த வாளியிலும் நீரோட்டம் தேவை. இல்லையெனில், பாறையில் வாழும் உயிரினங்களே உயிர்வளியைத் தீர்த்து, பின்னர் அவையே மடிந்து அமோனியாவை உண்டாக்கும்.

பழைய மணல்

தொட்டி மாற்றத்தில் நேரும் இழப்புகளுக்குப் பழைய மணல் ஒரு முக்கியக் காரணமாகும். ஆண்டுக்கணக்கில் கலைக்கப்படாத மணலில் உணவுத் துணுக்குகளும் கழிவும் படிந்திருக்கும். அதன் அடிப்பகுதியில் உயிர்வளி இல்லாததால், சில பாக்டீரியாக்கள் கடல்நீரிலுள்ள சல்பேட்டைப் பயன்படுத்தி ஐதரசன் சல்பைடை உண்டாக்குகின்றன. கறுத்த நிறமும் அழுகிய முட்டையின் நாற்றமும் இதன் அறிகுறிகள். மணல் கலைக்கப்படும்போது இவ்வளிமமும், தேங்கிய அமோனியாவும், பாசுபேட்டும் ஒரே நேரத்தில் நீரில் கலக்கின்றன. தொட்டியில் மீன்கள் இருக்கும்போதே மணலை அள்ளுவது தவிர்க்கப்பட வேண்டியது இதனாலேயே ஆகும்.

பழைய மணலைக் கையாள மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, அதனை முற்றிலும் ஒதுக்கிப் புதிய மணலைப் பயன்படுத்துவது. இரண்டாவது, நீர் தெளியும்வரை மீண்டும் மீண்டும் கழுவிப் பயன்படுத்துவது. கழுவும்போது மணலிலுள்ள நுண்ணுயிர்களில் ஒரு பகுதி அழியினும், பாறைகள் போதிய அளவில் இருந்தால் அது பேரிழப்பாகாது. மூன்றாவது, புதிய மணலின் மேல் பழைய மணலின் மேலடுக்கிலிருந்து சில கையளவு மட்டும் தூவுவது. இதன்மூலம் சிறு கடற்புழுக்களும் நுண்ணிய ஓட்டுடலிகளும் புதிய தொட்டியைச் சேர்கின்றன.

உயிரினங்களைக் கையாளுதல்

மீன்கள்

இடமாற்றம் மீன்களுக்கு அழுத்தத்தை உண்டாக்கும். அதனால் நோய் எதிர்ப்புத் திறன் குறைந்து, உடலில் வெண்புள்ளிகளை உண்டாக்கும் கடல்நீர் ஒட்டுண்ணி போன்றவை தலைதூக்கக்கூடும். புதிய தொட்டியின் நீர் ஒத்திருந்தால் நீண்ட பழக்கப்படுத்தல் தேவையில்லை. வேறுபாடு இருப்பின், புதிய நீரை வாளியில் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துப் பழக்கலாம். பாறைகளின் அமைப்பு மாறுவதால் மீன்களின் பழைய எல்லைகளும் மறைகின்றன. எனவே முதல் சில நாட்களில் சண்டைகள் நிகழலாம். விளக்குகளை அணைத்து வைப்பது அவற்றை அமைதிப்படுத்தும்.

பவளங்கள்

பாறை அமைக்கும் பவளங்களின் திசுக்களில் சூசாந்தெல்லே எனப்படும் ஒளிச்சேர்க்கை செய்யும் ஒருசெல் பாசிகள் வாழ்கின்றன. பவளத்தின் உணவில் பெரும்பகுதி இவற்றிடமிருந்து கிடைக்கிறது. பெரிய தொட்டிக்குப் பெரும்பாலும் வலிமை கூடிய விளக்குகள் பொருத்தப்படுகின்றன. திடீரென மிகுந்த ஒளி பட்டால் பவளம் இப்பாசிகளை இழந்து வெளிறிப்போகும். ஆகவே, பவளங்கள் முதலில் தொட்டியின் கீழ்ப்பகுதியில் வைக்கப்பட்டோ, விளக்கின் வலிமை குறைக்கப்பட்டோ, சில வாரங்களில் படிப்படியாகப் பழக்கப்படுத்தப்படுகின்றன.

கடற்சாமந்தியும் கடற்பஞ்சும்

கடற்சாமந்தியின் அடிப்பாதம் கிழிந்தால் அது பிழைப்பது அரிது. ஆகவே, அது ஒட்டியுள்ள பாறையுடன் சேர்த்தே மாற்றுவது நல்லது. இடம் பிடிக்காத கடற்சாமந்தி நகர்ந்து செல்லும் இயல்புடையது. ஆதலால், அது நிலைகொள்ளும்வரை பம்புகளின் உறிஞ்சுவாய்களை வலையால் மூட வேண்டும். கடற்பஞ்சுகளைக் காற்றில் வெளிப்படுத்தினால் அவற்றின் நுண்துளைகளில் காற்று சிக்கித் திசுக்கள் அழுகக்கூடும். எனவே அவற்றை எப்போதும் நீருக்குள்ளேயே வைத்து மாற்ற வேண்டும்.

பிந்தைய கண்காணிப்பு

முதல் வாரத்தில் நாள்தோறும் அமோனியாவைச் சோதிப்பது வழக்கம். அளவு உயர்ந்தால், உணவு குறைக்கப்பட்டு நீரின் ஒரு பகுதி மாற்றப்படுகிறது. கிளர்வுற்ற கரியும், ஸ்கிம்மர் எனப்படும் நுரைநீக்கியும் கலங்கிய கரிமப் பொருட்களை அகற்ற உதவும். முதல் வாரங்களில் கண்ணாடியிலும் மணலிலும் பழுப்பு நிறப் படலம் தோன்றலாம். இது பெரும்பாலும் டயட்டம் எனப்படும் நுண்பாசியாகும், தானாகவே மறைந்துவிடும்.

கால்சியம் போன்ற ஊட்டப் பொருட்களின் அளவும் மறுகணக்கிடப்பட வேண்டும். 200 லிட்டர் தொட்டியில் பவளங்கள் நாளொன்றுக்கு லிட்டருக்கு 10 மில்லிகிராம் கால்சியத்தை எடுத்துக்கொண்டிருந்தால், அதே பவளங்கள் 500 லிட்டர் தொட்டியில் லிட்டருக்கு 4 மில்லிகிராம் குறைவையே காட்டும். இட வேண்டிய மொத்த அளவு மாறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தொட்டியின் அளவுக்கேற்ப ஊட்டத்தையும் இரண்டரை மடங்காக்குவது தவறாகும்.

புதிய மீன்களைச் சேர்ப்பதற்குச் சில வாரங்கள் காத்திருப்பதும், ஒவ்வொன்றாகச் சேர்ப்பதும் நுண்ணுயிர்கள் ஏற்றபடி பெருக இடமளிக்கும்.

மனிதருக்கு ஏற்படும் ஆபத்துகள்

பாலிடாக்சின்

பவளங்களுக்கு உறவான, பொத்தான் போன்ற சோவாந்திடு உயிரினங்களுள் சில பாலிடாக்சின் என்னும் கொடிய நஞ்சைக் கொண்டுள்ளன. இந்நஞ்சு அவாயில் கிடைத்த இனமொன்றிலிருந்து 1971 இல் பிரித்தெடுக்கப்பட்டது. இவை படிந்த பாறைகளைத் தேய்க்கும்போதோ, வெட்டும்போதோ, வெந்நீர் ஊற்றும்போதோ நஞ்சு நுண்துளிகளாகக் காற்றில் கலக்கும். கொதிக்க வைப்பதால் இது அழிவதில்லை. காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல், தசைவலி, வாயில் உலோகச் சுவை ஆகியன இதன் அறிகுறிகளாகும்.

ஐக்கிய அமெரிக்காவின் அலாசுக்கா மாநிலத்தில் 2012 முதல் 2014 வரை வீடுகளிலும் மீன்தொட்டிக் கடைகளிலும் இத்தகைய பாதிப்புகள் பதிவாயின. இங்கிலாந்தின் ஆக்சுபோர்டுசயர் பகுதியில் 2018 மார்ச்சில், வீட்டுத் தொட்டியின் பாறையிலிருந்து பவளத்தை நீக்கியபோது பரவிய நஞ்சினால் குடும்பத்தினரும் மீட்புப் பணியினரும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். எனவே, உயிர்ப்பாறையை ஒருபோதும் கொதிக்க வைக்கவோ, உலர்ந்த நிலையில் தேய்க்கவோ கூடாது. கையுறையும் கண்காப்பும் அணிந்து, காற்றோட்டமுள்ள இடத்தில் பாறைகளை நீருக்குள் வைத்தே கையாள வேண்டும்.

பிற ஆபத்துகள்

மைக்கோபாக்டீரியம் மாரினம் என்னும் பாக்டீரியா கையிலுள்ள காயங்களின் வழியாக நுழைந்து, நீண்டநாள் ஆறாத தோல் கட்டிகளை உண்டாக்கும். சில மீன்களின் முட்களும் கடல் முள்ளெலிகளின் முட்களும் நஞ்சுடையவை. உப்புநீர் மின்சாரத்தை நன்கு கடத்துவதால், நீரில் கைவிடுமுன் மின்னிணைப்பைத் துண்டிப்பதும், மின்கம்பிகள் செருகிக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்குமாறு அமைத்து நீர் வழிந்து செருகியை அடையாமல் தடுப்பதும் இன்றியமையாதவை.

கருத்து வேறுபாடுகள்

பழைய நீரை எவ்வளவு கொண்டு செல்ல வேண்டும் என்பதில் வளர்ப்போரிடையே ஒத்த கருத்து இல்லை. நுண்ணுயிர்கள் பரப்புகளிலேயே வாழ்வதால் பழைய நீர் தேவையில்லை என ஒரு சாரார் கருதுகின்றனர். உயிரினங்கள் பழகிய நீர்வேதியியல் திடீரென மாறாமல் இருக்கப் பழைய நீர் உதவும் என்பது மற்றவர் கருத்து. இரண்டும் வெவ்வேறு நோக்கங்களைச் சார்ந்தவை. வடிகட்டும் திறனைப் பொறுத்தவரை முதற்கருத்தும், அழுத்தத்தைக் குறைப்பதில் இரண்டாம் கருத்தும் பொருந்துகின்றன. புதிய நீர் கவனமாக ஒத்திசைக்கப்பட்டால் வேறுபாடு குறைவே.

புட்டிகளில் விற்கப்படும் பாக்டீரியாக் கரைசல்களின் பயனும் விவாதத்திற்குரியது. அவை துணையாகலாம், முதிர்ந்த பாறைகளுக்கு மாற்றாகா.

வரலாறு

கடல் உயிரினங்களை அவற்றின் இடத்திலிருந்து பெயர்த்து வேறு கலத்தில் வாழவைக்கும் முயற்சி 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் வளர்ந்தது. அன்னா தைன் என்னும் பெண்மணி 1846 இல் டார்க்கி கடற்கரையில் சேகரித்த பவளங்களை இலண்டனுக்குக் கொண்டு சென்று வளர்த்தார். நீருக்குக் காற்றூட்ட, அதனை ஒரு கலத்திலிருந்து மற்றொரு கலத்திற்கு மீண்டும் மீண்டும் ஊற்றச் செய்தார். இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையின் மீன் இல்லம் 1853 இல் திறக்கப்பட்டது.

தொடக்ககால மீன்காட்சியகங்கள் கடல்நீரையே பெரும் செல்வமாகக் கருதின. கடலிலிருந்து தொலைவிலுள்ள சிகாகோவில் 1930 இல் திறக்கப்பட்ட செட் மீன்காட்சியகத்திற்காக, புளோரிடாவின் கீ வெசுட்டிலிருந்து ஏறத்தாழ 38 லட்சம் லிட்டர் கடல்நீர் தொடர்வண்டித் தொட்டிகளில் கொண்டுவரப்பட்டது. இக்காலத்தில் கடலிலிருந்து தொலைவிலுள்ள காட்சியகங்கள் பெரும்பாலும் உப்புக் கலவையைக் கொண்டே கடல்நீரை ஆக்குகின்றன.

இந்தோனேசியாவைச் சேர்ந்த லீ சின் எங் 1961 இல் வெளியிட்ட கட்டுரையில், உயிர்ப்பாறையும் இயற்கைக் கடல்நீரும் காற்றுக் குமிழிகளும் கொண்டே தொட்டியைப் பேணும் முறையை விளக்கினார். பின்னர் பெர்லின் நகரத்து வளர்ப்பாளர்கள் உயிர்ப்பாறையுடன் வலிமையான நுரைநீக்கியை இணைத்தனர். இது பெர்லின் முறை எனப்படுகிறது. பாறையே வடிகட்டி என்னும் கருத்து இவற்றால் நிலைபெற்றது.

பெரிய அளவிலான மாற்றங்களுக்குப் பின்வருவன எடுத்துக்காட்டுகளாகும்:

• சான் பிரான்சிசுகோவின் இசுடைன்கார்ட் மீன்காட்சியகம், கலிபோர்னிய அறிவியல் கழகத்தின் புதிய கட்டடப் பணிக்காக 2004 இல் நகரின் வேறொரு பகுதிக்குத் தற்காலிகமாக மாற்றப்பட்டது. 2008 இல் புதிய கட்டடம் திறக்கப்பட்டது. அதிலுள்ள பிலிப்பைன் பவளப்பாறைத் தொட்டி ஏறத்தாழ 8 லட்சம் லிட்டர் கொள்ளளவு உடையது.
• பாசுட்டனின் நியூ இங்கிலாந்து மீன்காட்சியகத்தில் 1970 இல் திறக்கப்பட்ட பெருங்கடல் தொட்டி 2012-2013 இல் புதுப்பிக்கப்பட்டது. ஏறத்தாழ 7.5 லட்சம் லிட்டர் கொள்ளும் அத்தொட்டியின் உயிரினங்களுள் பல, பணி முடியும்வரை பென்குயின்களின் குளத்தில் வைக்கப்பட்டன. 200 கிலோகிராமிற்கும் கூடுதலான எடையுள்ள மிர்ட்டில் என்னும் பச்சை ஆமையும் அவற்றுள் ஒன்று.

சட்டநிலை

பெரிய தொட்டிக்குக் கூடுதல் பாறையும் பவளமும் தேவைப்படுவதால் சட்டங்களை அறிந்திருத்தல் வேண்டும். கற்பவளங்களும் பெருஞ்சிப்பிகளும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகம் குறித்த சைட்டிசு உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் உள்ளன. இந்தியாவில் பாறை அமைக்கும் பவளங்கள், கருப்புப் பவளங்கள், கடல் விசிறிகள் ஆகியவை 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001 இல் சேர்க்கப்பட்டன. எனவே, மன்னார் வளைகுடா உள்ளிட்ட இந்தியக் கடற்பகுதிகளில் இவற்றைச் சேகரிப்பது குற்றமாகும். உலர்ந்த சுண்ணாம்புப் பாறை, செயற்கைப் பீங்கான் பாறை ஆகியவை மாற்றாகப் பயன்படுகின்றன. பழைய தொட்டியின் உயிர்ப்பாறைகளுக்கு அருகே இவற்றை வைத்தால், சில மாதங்களில் நுண்ணுயிர்கள் இவற்றின் மேலும் பரவிப் படர்கின்றன.

இவற்றையும் பார்க்க

• நைட்ரசன் சுழற்சி
• பவளப் பாறை
• கடல்நீர்
• கோமாளி மீன்
• மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா